வழியில்லாதவரின் ஒப்புதல்

தலைநகரின் பெரிய மருத்துவமனை ஒன்றின் எதிரே, நடைபாதையில் போர்வை விரித்து இரவைக் கழிப்பவர்களில் பெரும்பாலோர் பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுள் ஒருவரை ஒரு குளிர்கால மாலையில் சந்திக்க நேர்ந்தது. அவர் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். கையில் பல பக்கங்கள் கொண்ட ஒரு படிவம் வைத்திருந்தார். புதிய மருந்து ஒன்றுக்கான மருத்துவச் சோதனையில் சேர மனைவியின் சம்மதம் கேட்கும் படிவம் அது. இந்தியில்தான் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால், அந்த இந்தி அவர் பேசும் இந்தி அல்ல. படித்துச் சொல்லுமாறு கேட்டார். இரண்டு பக்கம் முடிவதற்குள் குறுக்கிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “இதில் கையெழுத்துப் போட்டால் மருந்து இலவசமா?”

மருந்தின் பெயரையோ, அதனால் விளையக்கூடிய தீங்கையோ அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவரும் அல்லர். நிலத்தில் பாதியை விற்றாகிவிட்டது. மீதியையும் விற்பதா என்பதே அவர் முன் நின்ற கவலை. அவருடைய கேள்வியில் தவறேதும் இல்லை. ஆனால், அந்த ஒரு கேள்வி மட்டுமே எழக்கூடிய நிலையில் இடப்படும் கையெழுத்து, சம்மதம் ஆகுமா என்பதை நாடு தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானோர் சுமார் 14.61 லட்சம் பேர். 2024 ஜூலையில் மத்திய நிதிநிலை அறிக்கையில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு அறிவிக்கப்பட்டபோது, மக்களவையில் மேசைகள் தட்டப்பட்டன. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆயினும், வரி நீங்கிய பின்னரும் நடுத்தரக் குடும்பங்களுக்கே எட்டாத விலையில் இருப்பவை அம்மருந்துகள். இந்த நிலையில்தான் மருத்துவச் சோதனை என்பது பலருக்கு ஆய்வாகத் தெரியாமல், மூடிய கதவில் ஒரு சிறு திறப்பாகத் தெரிகிறது.

சோதனை என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. முதல் கட்டத்தில், புதிய மருந்தை எந்த அளவு வரை உடல் தாங்கும் என்று பார்க்கிறார்கள். மற்ற நோய்களுக்கான மருந்துகளை இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் நலமானவர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. புற்றுநோய் மருந்துகள் பலவும் கடுமையானவை என்பதால் நோயாளிகளுக்கே கொடுக்கப்படுகின்றன. இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று கவனிக்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புதிய சிகிச்சையும், மற்றொரு பிரிவுக்கு இப்போதுள்ள நிலையான சிகிச்சையும் தந்து ஒப்பிடுகிறார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை.

ஆக, சிகிச்சையின் நோக்கம் இந்த நோயாளியைக் குணப்படுத்துவது. சோதனையின் நோக்கமோ இனி வரும் நோயாளிகளுக்காக ஓர் உண்மையைக் கண்டறிவது. இரண்டும் ஒரே கட்டிலில், ஒரே மருத்துவரின் கையால் நடப்பதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது எளிது. முதல் கட்டச் சோதனையில் சேரும் பெரும்பாலானோர் தாங்கள் குணமாவதற்காகவே சேர்க்கப்படுவதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை மென்மையாகத் திருத்த வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு. நெரிசல் மிகுந்த வெளிநோயாளிகள் பிரிவில் அதற்கு நேரம் கிடைக்கிறதா என்பது வேறு கதை.

மருத்துவச் சோதனை என்றதும் நம் நாட்டில் அச்சம் எழுவதற்குக் காரணங்கள் உண்டு. 1999-2000-ல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் மருந்து, வாய்ப் புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்குச் செலுத்திப் பார்க்கப்பட்டது. தங்கள் உடலில் செலுத்தப்படுவது சோதனை மருந்து என்பது அவர்களுக்கு முறையாக உணர்த்தப்படவில்லை என்ற புகார் 2001-ல் வெடித்தது. தனது நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றியே அந்த ஆய்வு நடந்ததை அப்பல்கலைக்கழகமும் பின்னர் ஒப்புக்கொண்டது.

2005 ஜனவரியில் மருந்து விதிகளின் ‘ஒய்’ அட்டவணை திருத்தப்பட்டது. வெளிநாட்டில் ஒரு கட்டச் சோதனை நடக்கும்போதே அதே கட்டத்தை இந்தியாவிலும் நடத்தலாம் என்று கதவு திறக்கப்பட்டது. கதவைத் திறந்தவர்கள் காவலுக்கு ஆள் வைக்க மறந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் 2013-ல் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின்படி, 2005 முதல் 2012 வரை 475 புதிய மருந்துகளுக்கான சோதனைகளின்போது இறந்தவர்கள் 2,644 பேர். அவர்களில் சோதனையால் இறந்தவர்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டது 80 பேரை மட்டுமே. மற்றவர்கள் புற்றுநோய், இதய நோய் போன்ற தங்கள் நோய்களாலேயே இறந்தனர் என்பது விளக்கம். முற்றிய புற்றுநோயில் மரணத்தின் காரணத்தைப் பிரித்தறிவது கடினம் என்பது உண்மைதான். ஆனால், அந்த ஆண்டுகளில் அதைப் பிரித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் சோதனையை நடத்தியவர்களிடமே இருந்தது என்பதும் உண்மை.

2012 மே 8-ம் தேதி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குறித்து நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59-வது அறிக்கை இரு அவைகளிலும் வைக்கப்பட்டது. அந்த அறிக்கை சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று பலருக்கும் வியப்பளித்தது. இந்திய நோயாளிகளிடம் சோதனையே நடத்தாமல் முப்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது என்பதே அது. வெவ்வேறு ஊர்களில் உள்ள நிபுணர்கள் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் பரிந்துரைக் கடிதம் எழுதியிருந்ததையும் குழு சுட்டிக்காட்டியது. முறையற்ற சோதனை ஒரு தவறு என்றால், சோதனையே இல்லாமல் மருந்தை ஊர் முழுக்க விற்பது அதனினும் பெரிய தவறு. அப்போது கையெழுத்துக்கூட இல்லாமல் எல்லோருமே சோதனைக்கு ஆளாகிறோம்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த 72-வது அறிக்கை இன்னும் கசப்பானது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி, 2009-10-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளி வயதுச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது பற்றியது அது. கம்மத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948-ல் கைரேகை மட்டுமே இருந்தது. 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் பெற்றோர் அல்லர். விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும். சிறுமிகள் சிலரின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாக விசாரணையில் நிறுவப்படவில்லை. உலகின் பல நாடுகளில் அந்தத் தடுப்பூசி புற்றுநோயைத் தடுத்துவருகிறது. ஆயினும், பெற்றோரைக் கேட்காமல் போட்ட அந்த ஊசி, நல்லதொரு தடுப்பூசியின் மீதே நெடுங்கால அவநம்பிக்கையை விதைத்துச் சென்றது. ஒப்புதலை அலட்சியப்படுத்துவதால் பாதிக்கப்படுவது நோயாளி மட்டுமல்ல, மருத்துவ அறிவியலும்தான்.

இவ்வளவையும் சொன்ன பின், சோதனைகளே வேண்டாம் என்று முடிப்பது எளிது. அது தவறான முடிவாக இருக்கும்.

அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் மும்பை டாடா நினைவு மையத்தில் நடந்த சில ஆய்வுகளைப் பாருங்கள். ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயில் கழுத்து நெறிக்கட்டிகளை முதல் அறுவையிலேயே அகற்றுவதா, நோய் பரவிய பின் அகற்றுவதா என்பது உலக மருத்துவர்களிடையே நெடுங்காலம் நீடித்த விவாதம். 500 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு 2015-ல் மும்பை விடை சொன்னது. முதலிலேயே அகற்றப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தோர் 80 சதவீதம்; காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, உடலின் பிற பாகங்களுக்குப் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில் மார்பகத்தை அகற்றுவது ஆயுளை நீட்டிப்பதில்லை என்று காட்டியது. பயனற்ற அறுவையிலிருந்து எண்ணற்ற பெண்களைக் காப்பாற்றியவர்கள், அந்த ஆய்வில் சேர்ந்த 350 பெண்கள்.

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சற்று முன்பு கட்டியைச் சுற்றி, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் மருந்தைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று 11 மருத்துவமனைகளில் சுமார் 1,600 பெண்களிடம் ஆராய்ந்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்ததாக 2023-ல் முடிவு வெளியானது. பல் மருத்துவர் பயன்படுத்தும் மலிவான மருந்து அது. இதற்காக எந்த மருந்து நிறுவனமும் பணம் செலவிட்டிருக்காது. ஏனெனில், விற்று லாபம் காண அதில் ஒன்றுமில்லை.

நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த நோய் எதிர்ப்பாற்றல் மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் மும்பையில்தான் நடந்தது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர் அதில் பங்கேற்றனர். ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தோர் விகிதம், வழக்கமான குறைந்த செலவு மருந்துகளுடன் மட்டும் 16.3 சதவீதம், இந்தச் சிறு அளவு மருந்தையும் சேர்த்தபோது 43.4 சதவீதம். ‘குறைந்த அளவு போதுமா?’ என்பது ஏழை நாட்டின் கேள்வி. அதை மருந்தை விற்பவர் கேட்கமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். நம் நோயாளிகள் பங்கேற்காமல் அதற்கு விடை கிடைக்காது.

அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற மருந்துகளில் சில வகைகளுக்கு இந்தியாவில் சோதனை தேவையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. இப்போதுள்ள சிகிச்சையைவிடக் கணிசமான முன்னேற்றம் தரும் மருந்துகளும் அதில் அடங்கும். நோயாளிக்குப் புதிய மருந்து விரைவில் கிடைக்கும் என்பது இதன் நன்மை. ஆனால், மருந்தோடு சேர்த்து அந்த நாடுகளின் அளவும் அந்த நாடுகளின் விலையும் இறக்குமதியாகும். நம் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு கைநழுவும்.

எனவே, சோதனை வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல கேள்வி. எந்த நிலையில் இருப்பவரிடம் ஒப்புதல் பெறுகிறோம் என்பதே கேள்வி.

திண்டுக்கல் மாவட்டத்திலும், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், மும்பை ஆகிய இடங்களிலும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வுகள் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பின. ஒரு பிரிவுப் பெண்களுக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மற்றொரு பிரிவுக்கு அது இல்லை. நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய முறையால், மும்பையில் அந்நோயால் ஏற்படும் மரணம் 31 சதவீதமும் திண்டுக்கல்லில் 35 சதவீதமும் குறைந்தது. உஸ்மானாபாத்தில் ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. பரிசோதனை மரணத்தை ஏறக்குறைய பாதியாக்கியது. மகத்தான பலன்தான். ஆனால், மூன்று இடங்களிலும் பரிசோதிக்கப்படாத பிரிவுகளில் 254 பெண்கள் அந்நோயால் இறந்ததைச் சுட்டிக்காட்டி வெளிநாட்டு மருத்துவர்கள் கண்டித்தனர். ‘இந்தியாவில் இந்தப் பெண்களுக்கு எப்படியும் எந்தப் பரிசோதனையும் கிடைப்பதில்லை, ஆகவே, நாங்கள் எதையும் பறிக்கவில்லை’ என்பது ஆய்வாளர்களின் பதில். அந்தப் பதில் பொய்யல்ல. அது பொய்யாக இல்லை என்பதே நம் வெட்கம். அரசு எதையும் தராத இடத்தில், எதுவும் தராமல் இருப்பதே ‘நிலையான சிகிச்சை’ ஆகிவிடுகிறது.

உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு சட்டம் வெகுவாக முன்னேறியுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று 2013 அக்டோபரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் வந்தன. நெறிமுறைக் குழுவில் பாதிப் பேர் அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். கடுமையான பாதிப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஒவ்வொரு சோதனையும் தொடங்கும் முன் பொதுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும்.

ஆனால், இழப்பீட்டுக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால் நெருடுகிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணாலும் நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்குகிறார்கள். நலமானவருக்கு அந்த இரண்டாவது எண் 4. ஆறு மாதத்துக்கு மேல் வாழமாட்டார் என்று கருதப்படும் நோயாளிக்கு அது 0.5. அதாவது, ஒரே வயதுடைய இருவரில் நலமானவரின் குடும்பத்துக்குக் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்குதான் முற்றிய புற்றுநோயாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும். 65 வயதைக் கடந்தவரானால் 4 லட்சம் ரூபாய்.

இதில் ஒரு தர்க்கப் பிழை இருக்கிறது. மரணம் நோயால் நேர்ந்ததல்ல, சோதனையால் நேர்ந்தது என்று முடிவான பின்னரே இழப்பீடு என்ற பேச்சு எழுகிறது. அந்த வடிகட்டலில் நோயின் பங்கு ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும், ‘எப்படியும் இறந்திருப்பார்’ என்று இரண்டாவது முறையும் கழிப்பது நியாயமா? மரணத்தின் விளிம்பில் நிற்பவர்தான் மிகப் பெரிய ஆபத்தை ஏற்று முதல் கட்டச் சோதனைக்கு உடல் தருகிறார். மிகக் குறைந்த விலை அவருக்கா?

சோதனை முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பது அடுத்தது. பலன் தந்த மருந்தை, வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாத நிலையில், ஆய்வாளரும் நெறிமுறைக் குழுவும் பரிந்துரைத்தால் இலவசமாகத் தொடரலாம் என்று விதி கூறுகிறது. உரிமை என்று சொல்லாமல், பரிந்துரைத்தால் என்று சொல்கிறது. அந்தப் பொதுப் பதிவேடும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தம் ஊருக்கு அருகில் தம் நோய்க்கு ஒரு சோதனை நடக்கிறதா என்று தஞ்சாவூர்க்காரரோ தர்பங்காக்காரரோ தம் மொழியில் தேடிக் கண்டுகொள்ள முடிவதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. சோதனை நடக்கும் எந்த மருத்துவமனையிலும், அதில் சேர மறுக்கும் ஏழை நோயாளிக்கு நிலையான சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும் என்பதை அரசு உறுதி செய்ய வேண்டும். மறுக்க முடிந்தால்தான் சம்மதத்துக்குப் பொருள் உண்டு. இழப்பீட்டுக் கணக்கிலிருந்து அந்த 0.5 நீக்கப்பட வேண்டும். பதிவேடு எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலாவது கிடைக்க வேண்டும். சோதனையின் முடிவு, அதில் பங்கேற்றவருக்கோ அவர் குடும்பத்துக்கோ தெரிவிக்கப்பட வேண்டும். லாபம் தராத மருந்துகளையும் குறைந்த அளவுகளையும் ஆராயப் பொதுப் பணம் ஒதுக்கப்பட வேண்டும். எத்தனை பேர் பங்கேற்றனர், எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர், எவ்வளவு இழப்பீடு தரப்பட்டது என்ற அறிக்கை ஆண்டுதோறும், உறுப்பினர் யாரும் கேள்வி எழுப்பும் வரை காத்திராமல், நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவர் சோதனை பற்றிப் பேசினால் அஞ்சி ஓட வேண்டாம்; உடனே கையெழுத்திடவும் வேண்டாம். இது எத்தனையாவது கட்டம், சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை, எந்தச் செலவு யாருடையது, தீங்கு நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும், பலன் தந்தால் பிறகும் மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று நாலு பேரிடம் காட்டுங்கள். இடையில் எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்பதால் கோபப்படும் ஆய்வாளரிடம் உடலை ஒப்படைக்காமல் இருப்பதே நல்லது.

அன்று மாலை அந்தப் படிவத்தை முழுவதும் படித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பேசாமல் போர்வைக்குள் படுத்திருந்த அவர் மனைவி, முடிவில் மெல்ல எழுந்து உட்கார்ந்து கேட்டார்: “வேண்டாம் என்று சொன்னால், இப்போது போடும் ஊசியையும் நிறுத்திவிடுவார்களா?”

நிறுத்தமாட்டார்கள் என்ற பதில் அந்தப் படிவத்திலேயே ஆறாம் பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தது. கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். அந்த ஒரு வரியை அதுவரை அவரிடம் எவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.